டைட்டானியத்தின் உள்ளே ஊறும் ஆக்சிஜன்

இரும்பைக் கிடங்கில் அடுக்கி வைப்பவர்கள் துருவுக்கு அஞ்சி எண்ணெய் பூசுகிறார்கள், தார்ப்பாய் போர்த்துகிறார்கள், சாரல் படாத மூலையாகத் தேடிப் பிடிக்கிறார்கள். டைட்டானியத் தகடோ கம்பியோ குழாயோ இருப்பு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடுகளில் பெரும்பாலானவை தேவைப்படுவதில்லை, ஏனெனில் சாதாரண வெப்பநிலையில் இந்த உலோகம் கடற்காற்றிலும் உப்புநீரிலும் பல்லாண்டு கிடந்தாலும் அரிக்கப்படுவதில்லை. ஆயினும் அதே தகடு உலைக்குள் சென்று 600 டிகிரி செல்சியசைத் தாண்டிச் சூடேறும்போது, காற்றிலுள்ள ஆக்சிஜனை மேற்பரப்பிலேயே நிறுத்தி வைக்கும் ஆற்றலை இழந்து, அதைத் தன் உடலுக்குள் இழுத்துக்கொள்ளத் தொடங்குகிறது. இவ்வாறு உள்ளே புகுந்த ஆக்சிஜனைத் திரும்ப வெளியேற்றுவதற்கு உலோகப் பட்டறைகளில் வழக்கமான வழி எதுவும் இல்லாததால், டைட்டானிய இருப்பைக் காக்கும் கலை முழுவதும் கிடங்கின் ஈரத்தைவிட உலையின் சூட்டையும், அந்தச் சூட்டில் உலோகத்தைச் சூழ்ந்திருக்கும் காற்றையும் பற்றியதாகவே வளர்ந்திருக்கிறது.

குளிர்ந்த நிலையில் டைட்டானியம் கெடாமலிருப்பதற்குக் காரணம், அது ஆக்சிஜனை வெறுப்பதன்று, மிகுதியாக விரும்புவதே. புதிதாகக் கடைந்த பரப்பு காற்றைத் தொட்ட கணத்திலேயே அதன்மேல் டைட்டானியம் டையாக்சைடால் ஆன ஒரு படலம் படிந்துவிடுகிறது. அதன் தடிமன் சில நானோமீட்டர் மட்டுமே, அதாவது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அவற்றில் சில பங்குகள். கண்ணுக்குத் தெரியாத இந்தப் படலம் உலோகத்தோடு இறுகப் பிடித்திருப்பதோடு, கீறல் விழுந்தாலும் சிறிது காற்றோ நீரோ கிடைத்தவுடன் தானே மீண்டும் மூடிக்கொள்கிறது. கடல்நீரால் குளிர்விக்கப்படும் மின்நிலையங்களின் குழாய்கள், எலும்பு முறிவுக்கு உடலுக்குள் பொருத்தப்படும் தகடுகள், ரசாயன ஆலைகளின் கொள்கலன்கள் ஆகிய எல்லாவற்றிலும் டைட்டானியம் நம்பப்படுவது இந்தப் படலத்தின் பலத்தில்தான். அதைக் குலைக்கக்கூடிய பொருள்கள் சிலவே: ஃபுளூரைடு கலந்த அமிலங்கள் அதைக் கரைத்துவிடும், ஈரமே இல்லாத உலர்ந்த குளோரின் வாயுவில் டைட்டானியம் பற்றியெரியவும் கூடும், ஆனால் அதே குளோரினில் சிறிது நீராவி இருந்தால் படலம் நிலைத்து உலோகம் பிழைத்துக்கொள்ளும்.

ஆக்சிஜன்மீது டைட்டானியம் கொண்ட விருப்பத்தின் வலிமையை உலோகத்தின் வரலாறே காட்டுகிறது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் கிடைத்த கருமணலை ஆராய்ந்து வில்லியம் கிரிகோர் 1791இல் இந்தத் தனிமத்தின் இருப்பை அறிவித்தார். ஜெர்மானிய வேதியியலாளர் கிளாப்ரோத் 1795இல் அதற்கு டைட்டானியம் என்று பெயர் வைத்தார். எனினும் தூய உலோகம் மனிதர் கைக்கு வர 1910 வரை, நூறாண்டுக்கும் மேல், காத்திருக்க வேண்டியிருந்தது. இயற்கையில் டைட்டானியம் ஒருபோதும் தனித்துக் கிடைப்பதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் சவறையிலும் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படும் இல்மனைட், ரூட்டைல் ஆகிய தாதுக்கள் இரண்டுமே ஆக்சிஜனோடு பிணைந்தவை. இரும்புத் தாதுவைக் கரியோடு சேர்த்து எரித்து இரும்பைப் பெறுவதுபோல இங்கே செய்ய முயன்றால், கரியும் உலோகத்தோடு கலந்து கார்பைடாகிவிடுகிறது. ஆகவே தாதுவைக் குளோரினோடு வினைபுரியவைத்து டைட்டானியம் டெட்ராகுளோரைடு என்னும் திரவமாக்கி, வடித்துத் தூய்மைப்படுத்தி, பிறகு உருகிய மக்னீசியத்தால் அந்தக் குளோரினைப் பறிக்கும் சுற்றுவழியை லக்சம்பர்க்கைச் சேர்ந்த வில்லியம் குரோல் 1930களில் வகுத்தார். இன்றளவும் உலகின் பெரும்பாலான டைட்டானியம் அந்த வழியிலேயே பிறக்கிறது. ஹைதராபாத்தின் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகத்தின் தொழில்நுட்பத்தோடும் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் ஆதரவோடும் சவறையில் 2011இல் தொடங்கிய ஆலையும் அதே குரோல் முறையையே கையாள்கிறது.

குரோல் முறையின் ஒவ்வொரு கட்டத்திலும் காற்றைத் தடுத்து நிறுத்துவதே முதல் வேலை. வினை நடக்கும் எஃகுக் கலம் மூடி முத்திரையிடப்பட்டு, அதற்குள் ஆர்கான் நிரப்பப்படுகிறது; ஆர்கான் என்பது எந்தப் பொருளோடும் எளிதில் வினைபுரியாத மந்த வாயு. பிற உலோகங்களுக்கு மலிவான நைட்ரஜனே காப்பு வாயுவாகப் போதுமானது என்றாலும், சூடான டைட்டானியம் நைட்ரஜனையும் விட்டுவைக்காமல் நைட்ரைடாக மாற்றிக்கொள்வதால் அது இங்கே உதவாது. ஏறத்தாழ 800 டிகிரிக்கு மேல் நடக்கும் வினை முடிந்ததும் துளைகள் நிறைந்த சாம்பல்நிறக் கட்டியொன்று கிடைக்கிறது. தொழிலில் இதை ஸ்பாஞ்ச் என்பார்கள். அதன் துளைகளில் எஞ்சிய மக்னீசியத்தையும் மக்னீசியம் குளோரைடையும் வெற்றிடத்தில் சூடாக்கி ஆவியாக வடித்தெடுத்தபின், கட்டி நன்றாகக் குளிரும்வரை கலத்தைத் திறக்கக்கூடாது. முற்றிலும் வெளியேறாத குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அந்த ஈரம் பின்னர் உருக்கும்போது ஆக்சிஜனாகவும் ஹைட்ரஜனாகவும் உலோகத்தில் போய்ச் சேர்கிறது. துளைகளால் ஸ்பாஞ்சின் பரப்பும் மிகுதி. இதனால்தான், திடமான தகட்டுக்குத் தேவைப்படாத பாதுகாப்பு ஸ்பாஞ்சுக்குத் தேவைப்படுகிறது: நொறுக்கித் தரம்பிரித்த துண்டுகளை எஃகு டிரம்களில் அடைத்து, உள்ளிருக்கும் காற்றை அகற்றி ஆர்கானை நிரப்பி, இறுக மூடி இருப்பு வைப்பது வழக்கமாகியிருக்கிறது. டைட்டானிய இருப்பு என்று சொல்லத்தக்கவற்றில் கிடங்கிலேயே கெடக்கூடியவை இந்த ஸ்பாஞ்சும், பின்னர் விளக்கப்படும் தூளும்தான்.

ஆக்சிஜன் உள்ளே புகுவது எவ்வாறு என்பதை அறிய உலோகத்தின் அணு அடுக்கைச் சற்றே நோக்க வேண்டும். தூய டைட்டானியம் 882 டிகிரி வரை அறுகோண வடிவில் அடுக்கப்பட்ட அணுக்களால் ஆனது. இதற்கு ஆல்பா நிலை என்று பெயர். அதற்கு மேல் அடுக்கு கனசதுர வடிவுக்கு மாறுகிறது. அது பீட்டா நிலை. ஆல்பா நிலையில் அணுக்களுக்கிடையே உள்ள வெற்றிடங்களில் ஆக்சிஜன் அணு வசதியாக அமர்ந்துகொள்வதால், தண்ணீரில் உப்பு கரைவதுபோல ஆக்சிஜன் இந்த உலோகத்தில் கரைகிறது. உச்ச அளவில், மொத்த அணுக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று ஆக்சிஜனாக இருக்கும் அளவுக்கு அது கரையக்கூடும். பொறியியலில் பயன்படும் உலோகங்களில் இத்தகைய தாகம் கொண்டவை மிகச் சிலவே. குளிர்ந்த நிலையில் மேற்படலத்தின் ஆக்சிஜன் நகர முடியாமல் நின்றுவிடுகிறது. சூடு ஏற ஏற அது நகரும் வேகம் பன்மடங்காகி, மேலே படலம் தடிப்பதும் அடியில் ஆக்சிஜன் ஊறுவதும் ஒருசேர நடக்கின்றன.

ஆக்சிஜன் எப்போதும் பகையே என்று கொள்வதும் பொருந்தாது. கலப்பில்லாத டைட்டானியம் நான்கு தரங்களாக விற்கப்படுகிறது. அவற்றைப் பிரிப்பது முதன்மையாக ஆக்சிஜனின் அளவே, அதோடு சிறிது இரும்பும் சேரும். முதல் தரத்தில் ஆக்சிஜன் எடையில் 0.18 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. இரண்டாம் தரத்தில் 0.25, மூன்றாம் தரத்தில் 0.35, நான்காம் தரத்தில் 0.40 விழுக்காடு வரை ஏற்கப்படும். இந்தச் சிறு வேறுபாட்டால், முதல் தரத்துக்கு 240 மெகாபாஸ்கலாக உள்ள குறைந்தபட்ச இழுவலிமை நான்காம் தரத்துக்கு 550 மெகாபாஸ்கலாக உயர்கிறது. ஆனால் வளைந்து நெளிந்து கொடுக்கும் தன்மை குறைந்துவிடுகிறது. உலோகவியலாளர் அளந்து சேர்க்கும்போது வலிமை தருவதும், யாரும் அளக்காமல் மேற்பரப்பில் ஊறும்போது வெடிப்புக்கு வித்தாவதும் ஒரே ஆக்சிஜன்தான் என்பது இந்த உலோகத்தோடு பழகும் ஒவ்வொருவரும் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி.

அவ்வாறு ஊறிய அடுக்கைத் தொழிலில் ஆல்பா கேஸ் என்று அழைக்கிறார்கள். ஆக்சிஜன் மிகுந்து இறுகிப்போன மேலோடு என்று அதைப் புரிந்துகொள்ளலாம். சந்தேகத்துக்குரிய துண்டிலிருந்து ஒரு சிறு பகுதியைக் குறுக்காக அறுத்து, பிசினில் பதித்து, கண்ணாடிபோல் மெருகேற்றி, அம்மோனியம் பைஃபுளூரைடுக் கரைசலில் சில நொடிகள் நனைத்து நுண்ணோக்கியில் வைத்தால், ஓரத்தை ஒட்டி ஒரு வெண்ணிறப் பட்டை தெரியும். உட்பகுதி கருமையும் சாம்பலுமாகக் கலந்திருக்க, அந்தப் பட்டை மட்டும் வெளுத்து நிற்கும். வைரமுனையை அதன்மேல் அழுத்தினால் உட்பகுதியில் விழுவதைவிடச் சிறிய குழியே விழும், ஏனெனில் அது அவ்வளவு கடினமானது. கடினமானது என்பதால் வலுவானது என்று நினைத்துவிடக் கூடாது. பாகம் வளையும்போதும் அதிரும்போதும் இந்த மேலோடு நெளிந்துகொடுக்காமல் கீறிக்கொள்கிறது. அந்தக் கீறல் அங்கேயே நிற்காமல் நல்ல உலோகத்துக்குள்ளும் பரவுகிறது. ஓயாமல் அதிரும் விமானப் பாகத்தில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள ஆல்பா கேஸ்கூட அதன் ஆயுளைப் பெரிதும் குறைத்துவிடும்.

உருக்கும் கட்டத்தில் நேரும் பிழை இதைவிடக் கொடியது, ஏனெனில் அது மேலோட்டில் நில்லாமல் கட்டியின் நடுவே புதைந்துவிடுகிறது. 1989 ஜூலை 19 அன்று டென்வரிலிருந்து சிகாகோவுக்குப் பறந்த யுனைட்டட் 232 விமானத்தின் வால்பகுதி எஞ்சினில், டைட்டானியக் கலப்புலோகத்தால் ஆன விசிறி வட்டு நடுவானில் உடைந்து சிதறி, விமானத்தின் மூன்று ஹைட்ராலிக் கட்டுப்பாட்டு அமைப்புகளையும் துண்டித்தது. ஐயோவா மாநிலத்தின் சூ நகரில் அவசரமாகத் தரையிறங்கும்போது விமானம் நொறுங்கியதில் 296 பேரில் 112 பேர் உயிரிழந்தனர். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை, உடைப்பின் தொடக்கத்தை ஒரு சிறு குழிவரை பின்தொடர்ந்து சென்றது: உலோகம் உருக்கப்பட்டபோது நைட்ரஜன் மிகுந்து இறுகிய ஒரு துணுக்கு கட்டிக்குள் சிக்கியிருந்திருக்கிறது, அதைச் சுற்றித் தொடங்கிய வெடிப்பு, விமானம் ஏறி இறங்கிய ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக வளர்ந்திருக்கிறது. டைட்டானியம் 1668 டிகிரியில் உருகும்போது அதன் நைட்ரைடு உருகுவதற்கு 2900 டிகிரிக்கும் மேல் வேண்டும் என்பதால், காற்றுபட்ட ஒரு துகள் உருகிய உலோகத்தில் கரையாமலே தப்பிவிட முடியும். அந்த வட்டுக்கான உலோகம் வெற்றிட வில்லுலையில் இருமுறை உருக்கப்பட்டிருந்தது. விமான எஞ்சின்களின் சுழலும் பாகங்களுக்கு மும்முறை உருக்குவதும், உலோகத்தை அகன்ற செம்புத் தட்டில் நெடுநேரம் உருகிய நிலையில் ஓடவிட்டு இத்தகைய துணுக்குகளைக் கரைக்கும் முறையும் பின்னர் வழக்கத்துக்கு வந்தன. காற்று உலோகத்தைத் தொட்ட ஒரு கணத்துக்கு எத்தனை பேர் விலை கொடுக்க நேர்ந்தது என்பதை எண்ணும்போது, இந்தத் தொழிலில் ஆர்கான் குழாயின் கசிவுகூடப் பதிவேட்டில் ஏறுவதன் நியாயம் விளங்கும்.

கட்டியாகவும் உருளையாகவும் வந்த இருப்பை அடித்தும் அழுத்தியும் உருவாக்க மீண்டும் சூடாக்கியே ஆகவேண்டும். வெற்றிட உலையோ தூய ஆர்கான் நிரம்பிய உலையோ இருந்தால் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மெருகேற்றி முடித்த பாகங்களை அவ்வாறே சூடாக்குகிறார்கள், அங்கேயும் எஞ்சிய ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும்படி டைட்டானியத் துண்டுகளையே பலியாக அருகில் வைப்பதுண்டு. ஆனால் பெரிய உருளைகளை வெற்றிடத்தில் சூடாக்கிச் சம்மட்டிக்கடியில் கொண்டுவருவது இயலாதது என்பதால், ஃபோர்ஜிங் பட்டறைகளில் காற்றிலேயே சூடாக்குகிறார்கள். இங்கே முதலில் வியப்பூட்டும் ஒரு விதி கடைப்பிடிக்கப்படுகிறது: வாயு எரியும் உலையாக இருந்தால் அதில் ஆக்சிஜன் குறைவாக அன்றி, தேவைக்குச் சற்று மிகுதியாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். எரிபொருள் மிஞ்சிய சுடரில் ஹைட்ரஜன் இருக்கும். ஹைட்ரஜனோ மேற்பரப்பில் தங்காமல் உலோகம் முழுவதும் விரைந்து பரவி அதை நொறுங்கச் செய்துவிடும். அதன் உச்சவரம்பு பெரும்பாலான தரங்களில் 0.015 விழுக்காடு மட்டுமே. மேற்பரப்பில் தங்கும் ஆக்சிஜனைப் பின்னர் சுரண்டி எடுக்கலாம் என்பதால், இரண்டு தீமைகளில் அதுவே சிறியதாகக் கருதப்படுகிறது. அதே வேளையில், ஹைட்ரஜனை வெற்றிடத்தில் நெடுநேரம் சூடாக்கி வெளியேற்றிவிட முடியும். ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் அவ்வாறு வெளியேற்ற முடியாது.

காற்றில் சூடாக்கும்போது கைகொடுப்பது கண்ணாடிப் பூச்சு. பொடியாக்கிய கண்ணாடிச் சேர்மங்களை ஒரு திரவத்தில் குழைத்து, சுத்தம் செய்த உருளையின்மேல் தூரிகையாலோ தெளிப்பானாலோ பூசி, அல்லது உருளையையே அதில் தோய்த்தெடுத்து உலர்த்துகிறார்கள். உலையில் அந்தப் பொடி உருகிப் பாகாகி உருளையைப் போர்த்திக்கொள்கிறது. அச்சுக்குள் அழுத்தும்போது அதுவே வழுவழுப்பும் தருகிறது. பூச்சின் வெற்றி பெரும்பாலும் பூசுவதற்கு முந்தைய சுத்தத்தைப் பொறுத்தது: எண்ணெய்ப் பிசுக்கு இருந்த இடத்தில் பூச்சு பற்றாமல் திட்டாக உரிந்துபோக, அந்தத் திட்டில் மட்டும் ஆல்பா கேஸ் ஆழமாக இறங்கும். எவ்வளவு நன்றாகப் பூசினாலும் இது ஆக்சிஜன் ஊறுவதைக் குறைக்குமேயன்றி அடியோடு நிறுத்தாது. எனவே சூடு வேண்டிய அளவை எட்டியதும் தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் உலையில் விட்டுவைக்காமலிருப்பதே பூச்சுக்கு நிகரான காப்பு. உருவாக்கி முடித்தபின் கண்ணாடியை மணல் வீச்சால் உதிர்த்து, ஆல்பா கேஸைக் கடைசலாலோ அமிலத்தாலோ நீக்குகிறார்கள். அந்த அமிலக் கலவையில் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் உலோகத்தைக் கரைக்க, நைட்ரிக் அமிலம் ஹைட்ரஜன் உள்ளே புகாமல் தடுக்கிறது. நைட்ரிக் அமிலத்தின் பங்கு பல மடங்கு மிகுந்திருக்க வேண்டும் என்பதும், ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் தோலில் ஒரு துளி பட்டாலும் எலும்புவரை தீங்கு செய்யும் என்பதும் அந்தத் தொட்டிக்கருகே நிற்பவர்கள் அறிந்திருக்க வேண்டியவை.

வெல்டிங்கில் இதே போராட்டம் சில அங்குல இடத்தில் நடக்கிறது. உருகிய குட்டையின்மேல் ஆர்கான் வீசினால் மட்டும் போதாது. டார்ச் நகர்ந்து சென்றபின்னும் இணைப்பு ஏறத்தாழ 400 டிகிரிக்குக் கீழே ஆறும்வரை, பின்னால் இழுத்துச் செல்லும் ஒரு கவசத்தின் வழியாக மேற்புறத்துக்கும், குழாயின் உள்ளே நிரப்புவதன் வழியாக அடிப்புறத்துக்கும் ஆர்கான் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். காப்பு எப்படியிருந்தது என்பதை நிறமே சொல்லிவிடும்: வெள்ளிபோல் பளபளத்தால் நன்று, வெளிறிய வைக்கோல் நிறம் பெரும்பாலும் ஏற்கத்தக்கது, நீலமும் ஊதாவும் காற்று புகுந்ததற்கு அடையாளம், வெண்சாம்பல் பொடி படிந்திருந்தால் இணைப்பை வெட்டியெறிய வேண்டியதே. ஆக்சைடு படலம் தடிக்கத் தடிக்க அதில் பட்டுத் திரும்பும் ஒளியின் வண்ணம் மாறுவதால் இந்த நிறங்கள் தோன்றுகின்றன. ஆனால் நிறம் ஆறும் நேரத்துக் கதையை மட்டுமே சொல்கிறது. டார்ச்சின் வாயுவே மாசுபட்டு உருகிய குட்டைக்குள் காற்று கலந்திருந்தாலும், பின்கவசம் நன்றாக இருந்தால் இணைப்பு வெள்ளிபோலவே மின்னும். இதனால் கவனமான வெல்டர்கள் வேலையைத் தொடங்குமுன் கழிவுத் துண்டொன்றில் உருக்கிப் பார்த்து, அதை வளைத்தும் சோதிக்கிறார்கள். நிறம் படிந்த இணைப்பைச் சோதனைக்கு முன் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பளபளப்பாக்குவது, குற்றத்தை நீக்காமல் சாட்சியை மட்டும் அழிக்கும் செயல். ஆர்கான் காற்றைவிடக் கனமானது என்பதால் குழிகளிலும் மூடிய அறைகளிலும் தேங்கி ஆளை மூச்சுத்திணற வைக்கும். உலோகத்துக்குப் பாதுகாப்பாவது மனிதருக்கு ஆபத்தாகும் இந்த இடத்தில் ஆக்சிஜன் அளவியைக் கையில் வைத்திராமல் யாரும் உள்ளே இறங்கக் கூடாது.

இத்தனையும் அறிந்தபின் கிடங்குக்குத் திரும்பினால், அங்கே செய்யத்தக்கவை சிலவே என்றாலும் அவை அனைத்தும் பின்னால் வரப்போகும் சூட்டை எண்ணிச் செய்யப்படுபவை என்பது புலப்படும். வியர்வையின் உப்பு படிந்த கைரேகை குளிர்ந்த தகட்டை ஒன்றும் செய்யாது. அந்தத் தகடு உலைக்குப் போனால் அதே உப்பு வெடிப்பைத் தூண்டக்கூடும், ஆகவே சுத்தம் செய்த தகட்டை வெறுங்கையால் தொடாமல் கையுறையோடு எடுக்கிறார்கள், குளோரின் சேர்ந்த கரைப்பான்களால் துடைப்பதையும் தவிர்க்கிறார்கள். இரும்பை அறுக்கும் கிரைண்டருக்கு அருகே டைட்டானியத்தை அடுக்கினால் இரும்புத் துகள் அதன் பரப்பில் பதிந்து படலத்தைக் குலைக்கும். இவற்றைவிட எளிதாக மறக்கப்படுவது அடையாளம்: முதல் தரமும் நான்காம் தரமும் கண்ணுக்கு ஒன்றே போலிருப்பதால், வார்ப்பு எண்ணும் தரமும் எழுதிய முனையை அறுத்துப் பயன்படுத்திவிட்டால் மிச்சத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்பதை ஆய்வகமன்றி யாராலும் சொல்ல முடியாது.

தூளின் நிலை வேறு. முப்பரிமாண அச்சில் பயன்படும் டைட்டானியத் தூளின் ஒவ்வொரு மணியும் தனித்தனிப் பரப்புடையது. அச்சிடும்போது உருகாமல் எஞ்சிய தூளைச் சலித்து மீண்டும் மீண்டும் பயன்படுத்துகையில் அதன் ஆக்சிஜன் படிப்படியாக ஏறிக்கொண்டே போவதால், ஒவ்வொரு தொகுதியையும் அளந்து, வரம்பைத் தாண்டியதைக் கழித்துவிட வேண்டும். ஆர்கான் நிரம்பிய கொள்கலன் இங்கே தரத்துக்கு மட்டுமன்றி உயிருக்கும் காப்பு, ஏனெனில் காற்றில் பரவிய நுண்தூள் ஒரு பொறியில் வெடிக்கவல்லது. கடைசல் சீவல்களும் இவ்வாறே பற்றக்கூடியவை. பற்றிக்கொண்ட டைட்டானியத்தின்மேல் தண்ணீர் ஊற்றினால் அது நீரின் ஆக்சிஜனைப் பறித்து ஹைட்ரஜனை வெளிவிடும். கரியமில வாயுவும் அதை அணைக்காது. உலர்ந்த மணலோ உலோகத் தீக்கென்றே தயாரிக்கப்பட்ட உப்புப்பொடியோ கொண்டு மூடுவதே வழி.

உலோகத்திலிருந்து ஆக்சிஜனை மீட்டெடுக்கும் முயற்சிகள் ஆய்வகங்களில் நடைபெறாமல் இல்லை. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அருமண் உலோகங்களைக் கொண்டும், அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஹைட்ரஜன் சூழலில் மக்னீசியத்தைக் கொண்டும் ஆக்சிஜனைப் பறிக்கும் முறைகள் உருவாக்கப்பட்டிருக்கின்றன. அவை தொழிலில் பரவலாகும் நாள்வரை, பட்டறையில் மிஞ்சும் துண்டுகளும் சீவல்களும் இரு வழிகளாகவே பிரிகின்றன. தரம் எழுதி, எண்ணெய் நீக்கி, நிறம் மாறாமல் வைத்திருந்த துண்டுகள் மீண்டும் உருக்கப்பட்டு விமானத்துக்கும் மருத்துவத்துக்கும் ஏற்ற உலோகமாகின்றன. நீலம் பாய்ந்தவையும் தரம் தெரியாமல் கலந்தவையும் குறைந்த விலைக்குப் போய், இரும்போடு சேர்ந்து ஃபெரோடைட்டானியமாகி எஃகு உலையில் இடப்படுகின்றன. அங்கே உருகிய எஃகிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்து வெளியேற்றுவதே டைட்டானியத்துக்குத் தரப்படும் வேலை.